இது இன்னா பாட்டுண்ணா

கையில கிட்டார் வச்சிருக்கிற ஆளைப் பாத்துட்டா நம்ம ஜனங்களுக்கு வாய் சும்மா இருக்காது. ஏதாவது ஒண்ணு வாசிங்களேன்னு ஆரம்பிச்சிடுவாங்க. டெய்லரைப் பாத்து ஒரு கை ஜாக்கெட் தைச்சுக் காட்டுன்னு யாராவது கேக்குறாங்களா? சமையல்காரரைப் பாத்து நாலு வெங்காயம் நறுக்கிக் காட்டுங்கன்னு சொல்றாங்களா? கிட்டார்க்காரன் மட்டும் எளக்காரம். கேட்டவன் பாதியிலேயே போனை எடுத்து நோண்ட ஆரம்பிச்சிடுவான். இவன் பாவம், முடிக்கிற வரைக்கும் வாசிக்கணும்.

கேட்டா இன்னா வாசிப்பாங்கன்னும் எனக்குத் தெரியும். எங்க கம்பெனி மெயின்டனன்ஸ்ல நவீன்குமார்னு ஒரு மெக்கானிக் இருக்கான். ஆன்லைன்ல கிட்டார் வாங்கி ஒரு மாசத்துக்குள்ள, காதல் படத்துல ஹீரோயின் திரும்பிப் பாக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு மியூசிக், அதை ஒத்தைக் கம்பியில கத்துக்கிட்டான். கேன்டீன்ல அதை வாசிச்சா ஸ்டிச்சிங் லைன் பொண்ணுங்க எல்லாம் சோத்தை அப்படியே விட்டுட்டுப் பாக்கும். இன்னொண்ணு கேட்டா அதையே வாசிப்பான். மூணாவது கேட்டாலும் அதேதான். அவனுக்கு அது ஒண்ணுதான் தெரியும். அந்த ஒண்ணு அவனுக்குப் போதும்.

நான் சொல்ல வந்தது அவனைப் பத்தி இல்ல, இருதயராஜண்ணனைப் பத்தி.

ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடி போற ரோட்டுல எங்க ஷூ கம்பெனி. நான் ஹேமலதா, பேரணாம்பட்டுப் பக்கத்துலேருந்து கம்பெனி பஸ்ல வர்றவ. செக்கிங் டேபிள்ல நிக்கிறேன். தைச்சு வர்ற ஷூவோட மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்து, தையல் கோணலாப் போயிருந்தாலோ பசை கசிஞ்சிருந்தாலோ தூக்கி ஓரமாப் போடுறது என் வேலை. தப்பு கண்டுபிடிக்கிறதுக்கே சம்பளம் வாங்குறவ, வாயும் அப்படித்தான் இருக்கும்னு லைன்ல என்னைப் பத்திப் பேச்சு. பேசிட்டுப் போறாங்க.

இருதயராஜண்ணன் கட்டிங்ல இருக்காரு. தோலை விரிச்சு, அச்சை வச்சு, பிரஸ்ஸை எறக்கி வெட்டுறவரு. அம்பதைத் தாண்டின ஆளு, குள்ளம், முன்னாடி முடி கிடையாது. பேச்சு ரொம்பக் கம்மி. அவரு கிட்டாரு ஸ்டோர் ரூம்ல அட்டைப்பெட்டிங்களுக்குப் பின்னாடி நிக்கும். ரிஜெக்ட் ஆன லைனிங் தோலுல அவரே அதுக்கு ஒரு பை தைச்சுப் போட்டிருந்தாரு. அதை வீட்டுக்கு எடுத்துனு போய் நான் பாத்ததே இல்ல. ரொம்ப நாள் வரைக்கும் அது கம்பெனி கிட்டாருன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

சாப்பாட்டு பெல் அடிச்சா, சாப்பிட்டு முடிச்சு, கை கழுவி, ஈரம் போக நல்லாத் தொடைச்சுக்கிட்டு, கிட்டாரை எடுத்துனு பஸ் ஷெட்டுக்கு வந்துடுவாரு. கம்பெனி பஸ்ஸுங்க நிக்கிற எடம் அது, பகல்ல நிழலா இருக்கும். புதுசா சேந்த புள்ளைங்க அவரைப் பாத்ததும் கேக்கும், அண்ணா ஒரு பாட்டு வாசிங்கண்ணான்னு. அவரு பிகு பண்ணவே மாட்டாரு. கேக்க வேண்டியதுதான், ஒடனே ஆரம்பிச்சிடுவாரு.

எல்லாக் கம்பியையும் சேத்து மேலேருந்து கீழ ஒரு தட்டு, கீழேருந்து மேல ஒரு தட்டு. விரல் அப்பப்ப எடம் மாறும், சத்தமும் மாறும். கேக்க நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனா பாட்டு எங்க? அவரு பாட்டுக்குத் தலையை ஆட்டுவாரு, ஒரு எடத்துல மெதுவாப் போவாரு, ஒரு எடத்துல கண்ணை மூடுவாரு, கடைசியா ஒரு தட்டு தட்டிட்டு நிமிந்து நம்ம மூஞ்சியப் பாப்பாரு. அந்தப் புள்ளைங்க ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு, "இது இன்னா பாட்டுண்ணா?"ன்னு கேக்கும். அவரு பேரைச் சொல்வாரு. சின்னக் கொழந்தைக்கும் தெரிஞ்ச சினிமாப் பாட்டா இருக்கும். அதுவா இது, அப்படித் தெரியலையேண்ணான்னு சிரிச்சிட்டு எழுந்து போய்டும்.

எனக்கு அது எப்படி இருக்கும்னா, பந்தியில எலை போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பு ஊறுகாய் வச்சு, சோறு மட்டும் வராத மாதிரி இருக்கும். அவருக்கு மட்டும் எங்கேயோ வந்துக்கிட்டிருக்கு. நமக்கு வரல.

ஒரு நாள் நான் நேராவே கேட்டுட்டேன். உங்களுக்கு நெஜமாவே வாசிக்கத் தெரியுமா, இல்ல சும்மா ஒப்பேத்துறீங்களான்னு. கோவப்படுவாருன்னு நினைச்சேன், படல. பாடுறவங்களுக்குப் பின்னாடி வாசிச்சுத்தான் அவருக்குப் பழக்கமாம். பாட்டை அவங்க பாத்துக்குவாங்க, இவரு கீழ தாங்கிப் புடிச்சுக்கிட்டுப் போவாராம். தனியா ஒரு டியூனை வாசிக்கணும்னு அவசியமே வந்ததில்லன்னு சொன்னாரு.

அவ்வளவுதானே, நான் பாடுறேன்னுட்டேன். ஸ்கூல்ல படிக்கும்போது பாட்டுக்குப் பிரைஸ் எல்லாம் வாங்கியிருக்கேன். அவரு ஆரம்பிச்சாரு, நானும் எடுத்தேன். மொத வரி எப்படியோ போச்சு. ரெண்டாவது வரி மேல ஏறுச்சு பாருங்க, கோழிக் கழுத்தை அமுக்குன மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு என் தொண்டையிலேருந்து. சுத்தி நின்னவளுங்க வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாளுங்க. சுதியைக் கொஞ்சம் எறக்குங்கண்ணான்னு சொன்னேன். அவரு அசையல.

அந்தக் கிட்டாரு கழுத்துல ஒரு கிளிப்பு மாட்டியிருந்துச்சு. கேப்போன்னு பேராம். கம்பியெல்லாத்தையும் ஒண்ணா அமுக்கிப் புடிச்சுக்கிட்டிருக்கும். அதை மேல தள்ள தள்ள சுதி ஏறும், கழட்டுனா எறங்கிடும். நவீன்குமார் அந்தப் பக்கமா வந்தவன், இது ஒரு நிமிஷ வேலைக்கான்னு சொல்லிக்கிட்டே கையை நீட்டுனான். இருதயராஜண்ணன் கிட்டாரை அப்படியே நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. அது அங்கேயே இருக்கட்டும்பான்னு மட்டும் சொன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நாலு பேரு முன்னாடி மானம் போய் நிக்கிறேன், இவரு ஒரு கிளிப்பைக் கழட்ட மாட்டேங்குறாரு. "ஊர்ல எவளும் பாட முடியாத சுதியில வச்சிக்கிட்டு யாருக்குண்ணா வாசிக்கிறீங்க?"ன்னு கத்திட்டேன். அவரு கிட்டாரைப் பையில போட்டு ஜிப்பை இழுத்தாரு. நல்லவேளை பெல் அடிச்சிடுச்சு.

அதுக்கப்புறம் அவர்கிட்ட பாட்டு கேக்குறது கொறைஞ்சு போச்சு. கூட்டமெல்லாம் கேன்டீன் வாசல்ல, நவீன்குமாரோட அந்த ஒத்தைக் கம்பி மியூசிக்கைச் சுத்தி. பஸ் ஷெட்ல அவரு ஒருத்தரு. சத்தமா வாசிக்கிறதைக்கூட விட்டுட்டாரு. கம்பி மேல கை பட்டும் படாமலும் ஓடிக்கிட்டிருக்கும்.

நான் மட்டும் அங்க போய் உக்காருவேன். பரிதாபப்பட்டு இல்ல. கேன்டீன்ல நாலு பொம்பளைங்க சேந்தா வீட்டுக்காரரு பேச்சுதான். எங்க வீட்டுக்காரரு அது வாங்கினாரு, எங்க வீட்டுக்காரரு இப்படித் திட்டினாருன்னு. என் வீட்டுக்காரரு ஓசூர்ல வேலைக்குப் போனவரு. வாரத்துக்கு ஒருக்கா வந்தாரு, அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா, இப்ப ஞாபகம் வந்தா போன். பொண்ணு பெங்களூர்ல ஹாஸ்டல்ல தங்கி நர்சிங் படிக்குது. சொல்றதுக்கு என்கிட்ட இன்னா இருக்கு? பேசாத மனுசன் பக்கத்துல உக்காந்தா எதையும் சொல்ல வேண்டியதில்ல. தனியா இருக்கிறவங்க ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காந்தா தனிமை கொறைஞ்சிடும்னு நினைச்சுக்காதீங்க. அப்படியெல்லாம் கொறையாது. சாப்பாட்டு நேரம் போகும், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்துல ஒரு நாள் கம்ப்ரஸர் ஒக்காந்துடுச்சு. மத்தியானத்துக்கு மேல லைன் முழுசா நின்னு போச்சு. மழை வேற. பஸ் ஷெட்டை விட்டு எழுந்து போக முடியல. அன்னிக்குத்தான் அவரு வாயைத் தொறந்தாரு. நான் கேக்கக்கூட இல்ல.

அவரு சம்சாரம் பேரு ஜெசிந்தா. அவங்க மாதா கோயில் பாடகர் குழுவுல மொத வரிசையில நின்னு பாடுறவங்க. இவரு கோயிலுக்கே ஒழுங்காப் போகாத ஆளாம். ஒரு திருவிழா பூசையில அந்தக் குரலைக் கேட்டுட்டு, மறு வாரமே போய் பாட்டு வாத்தியார்கிட்ட நானும் கிட்டார் கத்துக்கிறேன்னு நின்னிருக்காரு. அவங்க பாடுற பாட்டுங்களுக்கு இன்னா தேவையோ அதை மட்டும் கத்துக்கிட்டாரு. அவங்களுக்கு சுதி ரொம்ப மேல. அந்த எடத்துலதான் கிளிப்பை மாட்டினாரு. கல்யாணமும் ஆச்சு. ஞாயித்துக்கிழமை பூசை, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டு, ஏலகிரியிலேருந்து காவேரிப்பாக்கம் வரைக்கும் சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம், எங்க போனாலும் அவங்க முன்னாடி, இவரு ஒரு அடி பின்னாடி.

வீட்டுக்கு தோஸ்துங்க வந்தா, ஒண்ணு வாசிடான்னு இவரைத்தான் கேப்பாங்களாம். இவரு ஆரம்பிப்பாரு. அந்தம்மா வெளியகூட வராது. அடுப்பங்கரையில காய் அரிஞ்சிக்கிட்டே அங்கேருந்து பாடும். இதைச் சொல்லும்போது அவரு மூஞ்சி நல்லா இருந்துச்சு. அப்புறம் சொன்னாரு, அவங்க யாரும் என் வாசிப்பைக் கேட்டதே இல்லம்மா, அவ குரலைத்தான் கேட்டாங்க, அது எனக்கு இப்பத்தான் புரியுதுன்னு.

அப்புறம் அந்தம்மாவுக்குக் கழுத்துல கட்டி. ஆபரேஷன் பண்ணியாகணும். குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டியோட ஒட்டிக்கிட்டு இருக்கு, எடுக்கும்போது குரல் போகலாம்னு டாக்டர் முன்கூட்டியே ஒளிக்காம சொல்லித்தான் பண்ணியிருக்காரு. உசிரு தங்குச்சு. குரல் போய்டுச்சு. பேசினா வெறும் காத்துதான் வருமாம். கொஞ்ச நாள்ல திரும்பி வரலாம்னு காத்துக்கிட்டிருந்தாங்க. வரல.

ஒடம்பு தேறினதும் ஒரு சாயங்காலம் இவரு கிட்டாரை எடுத்துனு ஹால்ல உக்காந்திருக்காரு. அவங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னு நினைச்சாராம். நற்கருணை வாங்கும்போது பாடுற பாட்டு ஒண்ணு. அவங்க பாட்டு வாத்தியாரே கட்டினது. அந்தக் கோயிலைத் தவிர வேற எங்கேயும் அதைப் பாட மாட்டாங்க. முன்னாடி வர்ற பகுதியை வாசிச்சாரு. அவங்க எடுக்க வேண்டிய எடம் வந்ததும் கையை நிறுத்திட்டு மூஞ்சியத் தூக்கிப் பாத்தாரு. கல்யாணம் ஆனதுலேருந்து அதே பழக்கம். இவரு மூஞ்சியத் தூக்கினா அவங்க ஆரம்பிப்பாங்க.

"நான் வேணும்னு செய்யலம்மா. கை தானா நின்னுடுச்சு" அப்படின்னாரு.

அந்தம்மா இவரைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்துச்சாம். அப்புறம் எழுந்து உள்ள போய் மிக்ஸியைப் போட்டுச்சு. சட்னிக்கு அரைக்குதுன்னு நினைச்சிருக்காரு. ரொம்ப நேரம் ஆகியும் நிக்கலையேன்னு போய் எட்டிப் பாத்தா, ஜாருல ஒண்ணுமே இல்ல. சும்மா ஓடிக்கிட்டிருந்துச்சு.

மறுநாளே கிட்டாரைக் கம்பெனிக்குக் கொண்டாந்துட்டாரு. கோயில் பசங்களுக்குக் குடுத்துட்டேன்னு வீட்டுல சொல்லிட்டாரு. அந்தம்மா எதுவும் கேக்கல. அதுலேருந்து வீட்டுல டிவி சத்தம் மட்டும்தான். ஜாஸ்தி பேசினா அவங்களுக்குத் தொண்டை வலிக்கும், அதனால அவங்க பேச மாட்டாங்க. அவங்க பேசாதப்ப நாம மட்டும் வளவளன்னு பேசுறது தப்புன்னு இவரும் நிறுத்திக்கிட்டாரு. ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா, கதவு சாத்தியாச்சா, அதோட சரி.

அப்ப இங்க மட்டும் எதுக்கு வாசிக்கிறீங்கன்னு கேட்டேன். மழையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "அவளை விட்டுட்டு நான் மட்டும் வாசிக்கிறது துரோகம்மா. எனக்குத் தெரியுது. ஆனா வாசிக்காம இருந்தா அவ பாடின பாட்டெல்லாம் எனக்கு மறந்துடும். அவளுக்கு மட்டும் இது தெரியக்கூடாது. தெரிஞ்சா இன்னொரு தடவை அவளை மிக்ஸிகிட்ட அனுப்புன மாதிரி ஆய்டும்."

அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிப்பு கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள கம்ப்ரஸர் ஓட ஆரம்பிச்சிடுச்சு. எல்லாரும் எழுந்து உள்ள போய்ட்டோம்.

ஆண்டு விழா வந்துச்சு. எங்க எச்ஆர்ல ஆஃப்ரீன் மேடம்னு ஒரு சின்னப் பொண்ணு, நல்ல பொண்ணு, எதையும் யாரையும் கேக்காம எழுதிடும். நோட்டீஸ் போர்டுல பாத்தா, கிட்டார் இசை, இருதயராஜ், கட்டிங் பிரிவுன்னு ஒட்டியிருக்கு. போய்க் கேட்டா, எல்லாருக்கும் தெரிஞ்ச டியூனா ஒண்ணு வாசிங்க அங்கிள், ரெண்டு நிமிஷம்தானேன்னு சொல்லிடுச்சு. அவருக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரல.

பாவம், அந்த வயசுல நவீன்குமார்கிட்ட டியூன் கத்துக்கப் போனாரு. எல்லாக் கம்பியையும் சேத்து அமுக்கியே பழகின கை, ஒத்தைக் கம்பியில ஓட மாட்டேன்னுடுச்சு. நவீன்குமாரைப் பத்தி நான் ஆயிரம் சொல்வேன், ஆனா அன்னிக்கு அவன் கிண்டல் பண்ணல. நீங்க பின்னாடி புடிங்கண்ணா, டியூனை நான் பாத்துக்குறேன்னு சொல்லிட்டான். அந்தக் காதல் மியூசிக்கையே முடிவு பண்ணாங்க. சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேரும் பஸ் ஷெட்ல பழகினாங்க. அவனுக்குப் பின்னாடி வாசிக்கும்போது இருதயராஜண்ணன் தோள்லேருந்து ஒரு பாரம் எறங்கின மாதிரி இருந்தாரு. அப்பவும் கிளிப்பைக் கழட்டல. நவீன்குமார்தான் அந்த சுதிக்கு ஏத்த மாதிரி விரலை மாத்தி மாத்தி வாசிச்சான்.

ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோட வரணும். வர்ற குடும்பத்துக்கு ஹாட் பாக்ஸ் செட்டு. வீட்டு ஆளு நேர்ல வந்தாத்தான் டோக்கன். அதுக்காகவே படுத்த படுக்கையா கெடக்கிறவங்களைத் தவிர எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துடுவாங்க எங்க ஆளுங்க. இருதயராஜண்ணன் மட்டும் இந்த வருஷம் குடும்பத்தைக் கூப்பிடலன்னு வீட்டுல சொல்லிட்டாரு. எனக்கும் வர ஆளில்ல. நம்ம ரெண்டு பேருக்கும் ஹாட் பாக்ஸ் போச்சுண்ணான்னு சொன்னேன். சிரிச்சாரு.

ஆனா பேக்கிங்ல வேலை செய்யிற ஹலீமா பீ அவரு தெருவுலதான் இருக்காங்கன்னு நாங்க ரெண்டு பேருமே யோசிக்கல. சும்மா குடுக்குற ஹாட் பாக்ஸ் ஒண்ணு வீணாப் போறதை ஹலீமா பீ பாத்துக்கிட்டு இருப்பாங்களா? விழா அன்னிக்கு சாயங்காலம் ஷாமியானாவுல மூணாவது வரிசையில உக்காந்திருக்கேன். ஹலீமா பீ ஒரு அம்மாவைக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில உக்கார வச்சாங்க. இருதயராஜண்ணன் வீட்டம்மா, கொஞ்சம் பாத்துக்கோ, நான் டோக்கன் வரிசையில நிக்கிறேன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க.

அந்தம்மா என்னைப் பாத்துச் சிரிச்சுது. ஒல்லியா, நரைச்ச தலையை நல்லா வாரி, கழுத்தைச் சுத்திப் புடவைத் தலைப்பைப் போத்தியிருந்தாங்க. அவரு எங்கன்னு கேட்டாங்க. வாய் அசைஞ்சுது, காத்துதான் வந்துச்சு. பின்னாடி எங்கேயோ இருக்காருன்னு சொன்னேன். எழுந்து ஓடிப் போய் அவருகிட்ட சொல்லிடலாமான்னு பாத்தேன். சொன்னா அவரு இன்னா பண்ணுவாரு? சுவரேறிக் குதிச்சு ஓடத்தான் முடியும். நிகழ்ச்சி வரிசையில அடுத்தது அவரு பேருதான்.

அந்த நேரம் பாத்து ஜெனரேட்டர் மக்கர் பண்ணுச்சு. லைட்டு மங்கி மங்கி வந்துச்சு. மெயின்டனன்ஸ் நவீன்குமார் ஒடனே ஜெனரேட்டர் ரூமுக்கு வரவும்னு மைக்லேயே கூப்பிட்டாங்க. அவன் போய்ட்டான். லைட்டு சரியாச்சு, ஆனா அவன் அங்கேயே நிக்கணும், நகந்தா மறுபடி போய்டுமாம். ஆஃப்ரீன் மேடம் மைக்கைப் புடிச்சு, அடுத்து நம்ம இருதயராஜ் அங்கிள் கிட்டார் இசைன்னு சொல்லிடுச்சு.

மேடையில ஒரு நாற்காலி, ஒரு மைக்கு. கிட்டாரோட அவரு ஏறி வந்தாரு, தனியா. என் பக்கத்துல இருந்த அம்மா முன்னாடி சாஞ்சாங்க. அந்தக் கிட்டாரைப் பாத்ததும் அவங்க மூஞ்சி எப்படி ஆச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. கோவமா, அழுகையா, ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. அவரு உக்காந்து, மைக்கைச் சரி பண்ணிட்டு, கூட்டத்தைப் பாத்தாரு. மூணாவது வரிசையில பார்வை நின்னுச்சு.

எழுந்து போய்டுவாருன்னு நினைச்சேன். பின்னாடியிருந்து வாசிங்கண்ணா வாசிங்கண்ணான்னு புள்ளைங்க கத்த ஆரம்பிச்சிடுச்சு. அவரு அப்படியே அவங்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் வாசிக்க ஆரம்பிச்சாரு. நவீன்குமாரோட பழகினது இல்ல. மெதுவா, வேற என்னமோ. பக்கத்துல அந்தம்மா மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்பவே புரிஞ்சு போச்சு, அது கோயில் பாட்டு.

முன்பகுதி முடிஞ்சுது. கை நின்னுச்சு. மூஞ்சியத் தூக்கி அவங்களைப் பாத்தாரு.

கொஞ்ச நேரம் போச்சு. எனக்குப் பின்னாடி ஒருத்தி, மறந்துட்டாருடின்னா. எவனோ விசில் அடிச்சான். எனக்கு அவரை மேடையிலேயே போய்த் திட்டணும் போல இருந்துச்சு. எதுக்குய்யா மறுபடி நிறுத்துற, அந்தம்மாவை எதுக்கு இத்தனை பேரு நடுவுல உயிரோட கொல்றன்னு. அந்தம்மா என் மணிக்கட்டைப் புடிச்சாங்க. கை ஜில்லுன்னு இருந்துச்சு. எழுந்து போறதுக்குத்தான் புடிக்கிறாங்கன்னு நினைச்சேன்.

அவங்க வாயைத் தொறந்தாங்க. சத்தம் ஒண்ணும் இல்ல. ஒட்டி உக்காந்திருந்த எனக்கே வெறும் காத்துதான் கேட்டுச்சு. ஆனா அந்த வாய் அசைஞ்ச அதே நேரத்துக்கு மேடையில கை எறங்குச்சு.

அவரு கிட்டாரைப் பாக்கவே இல்ல. அவங்க வாயையே பாத்து வாசிச்சாரு. அவங்க இழுத்த எடத்துல இழுத்தாரு, மூச்சு எடுத்த எடத்துல நின்னாரு. கூட்டத்துக்கு அவரு தடுமாறுற மாதிரிதான் இருந்திருக்கும். பாட்டு மேல போற எடத்துல அவங்க புருவம் மேல போச்சு, தலைப்பு விலகிக் கழுத்துல அந்தத் தழும்பு தெரிஞ்சுது. நான் அந்தப் பாட்டை அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. அன்னிக்கும் கேட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா அழுதுட்டேன். எனக்கு அழுகை சுலபத்துல வராது.

மொத சரணத்தோட முடிச்சிட்டாரு. அங்கங்க நாலு பேரு கை தட்டினாங்க. நன்றி அங்கிள், அடுத்து பேக்கிங் பிரிவு டான்ஸுன்னு ஆஃப்ரீன் மேடம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாட்டைப் போட்டுட்டாங்க. இது இன்னா பாட்டுக்கா, உனக்குத் தெரியுமான்னு பின்னாடி இருந்தவ என் முதுகைத் தட்டிக் கேட்டா. சும்மா இருடின்னேன்.

அந்தம்மா எழுந்து போனாங்க. எங்க போறாங்களோன்னு பயத்துல நானும் பின்னாடியே போனேன். மேடைக்குப் பின்னாடி, கம்பெனி பஸ்ஸுங்க நிக்கிற எடத்துல, அவரு கிட்டாரோட நின்னுக்கிட்டிருந்தாரு. தப்பு பண்ணிட்டு மாட்டின ஆளு மாதிரி தலை குனிஞ்சிருந்துச்சு. அந்தம்மா கிட்ட போய் நின்னாங்க. டான்ஸ் பாட்டுச் சத்தத்துல அவங்க பேசுறது கேக்காதுன்னு அவரு குனிஞ்சு காதைக் குடுத்தாரு. எனக்கும் வாயசைவை வச்சுத்தான் புரிஞ்சுது.

ரெண்டாவது சரணத்தை ஏன் விட்டுட்டீங்கன்னு கேட்டாங்க.

அவரு தடுமாறிப் போய், "இல்ல ஜெசி, உனக்கு மூச்சு வாங்குமேன்னு" அப்படின்னாரு.

அந்தம்மா அவரை ஏற எறங்கப் பாத்தாங்க. "எனக்குத்தான் சத்தமே இல்லையேங்க. அப்புறம் மூச்சு எங்கேருந்து வாங்கும்?"

அவரு வாயைப் பொத்திக்கிட்டு பஸ் படியில உக்காந்துட்டாரு. அவரு தோளு குலுங்குறது அங்கேருந்தே தெரிஞ்சுது. அந்தம்மா அழல. நழுவியிருந்த கிட்டாரை எடுத்து அவரு மடியில நேரா வச்சு, எதிர்ல போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க.

அவரு வாசிச்சாரு. பக்கத்துல டான்ஸ் பாட்டு காதைப் பொளந்துக்கிட்டிருந்துச்சு, அவரு வாசிச்சதுகூட எனக்குக் கேக்கல. ஹாட் பாக்ஸை இடுப்புல இடுக்கிக்கிட்டுப் போன ஜனங்க, யாருடா இதுங்கன்னு ஒரு பார்வை பாத்துட்டுப் போனாங்க. பேரணாம்பட்டு பஸ் டிரைவர் என் பேரைச் சொல்லி ரெண்டு தடவை கத்தினாரு. பாட்டு முடியட்டும்னு நின்னேன். எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியாது, அந்தம்மா வாயைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.